அஜைல் குழுக்களும் எல்லோருக்குமான தொழில்முறைச் சந்திப்புகளும்: நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களும், அவர்களுக்காக மாதம் ஒரு சந்திப்பு நடத்த நினைப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். குழுவைப் பற்றியவை முதலிலும் சந்திப்பைப் பற்றியவை பின்னரும் வருகின்றன. இரண்டிலும் நாங்கள் கவனிப்பது ஒன்றைத்தான்: அறையில் மிகக் குறைந்த செல்வாக்கு உள்ளவர் அங்கே வந்து சேரவும், வந்தபின் வாய் திறக்கவும் வழி இருக்கிறதா?

அஜைல் என்றால் என்ன? தினமும் நின்றுகொண்டு கூட்டம் போடுவதா?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் எழுதிய சிறு பிரகடனத்திலிருந்து அந்தப் பெயர் வழக்குக்கு வந்தது. நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான பேச்சும், விரிவான ஆவணங்களை விட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதும், வகுத்த திட்டத்தையே பிடித்துக்கொண்டிருப்பதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும் மேல் என்று அது நான்கு வரிகளில் சொல்கிறது. அவற்றை விரிக்கும் 12 கொள்கைகளும் உண்டு. வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்து, தினமும் கூடிப் பேசும் ஸ்க்ரம் என்ற அஜைல் வேலைமுறை இதற்கு முந்தியது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் அதை 1995-இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். நின்றுகொண்டு பேசுவது, கால் கடுத்தால் பேச்சு சுருங்கும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர் தாராளமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

எங்கள் அலுவலகத்தில் மொத்தமே ஐந்து பேர். எங்களுக்கு ஸ்க்ரம் தேவையா?

ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு, ஒரு குழுவில் பெரும்பாலும் 10 பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் இருப்பது நல்லது என்கிறது. ஆகவே ஐந்து பேர் என்பது தடையல்ல. ஆனால் ஸ்க்ரம் வகுக்கும் பொறுப்புகள் மூன்று: எதைச் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தும் புராடக்ட் ஓனர், முறை பிசகாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், வேலையைச் செய்யும் டெவலப்பர்கள். நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் உரிமையாளரே முதல் இரண்டு பொறுப்புகளையும் எடுத்துக்கொண்டு, மாதச் சம்பளமும் அவரே கொடுக்கிறார். அந்த நிலையில் ‘இந்த ஸ்பிரிண்டில் (குறித்த நாட்களுக்கான வேலைச் சுற்றில்) இவ்வளவு வேலை அடங்காது’ என்று அவரிடம் யார் சொல்வது?

அத்தகைய இடங்களுக்குக் கான்பன் பலகை பொருத்தம் என்பது எங்கள் கருத்து. சுவரில் மூன்று பத்திகள் போதும்: செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. நடுப் பத்தியில் ஒரே நேரத்தில் எத்தனை சீட்டுகள் இருக்கலாம் என்று ஓர் எண்ணை எழுதிவிடுங்கள். ஐந்து பேர் குழுவுக்கு நான்கு என்று தொடங்கலாம். உரிமையாளர் அவசரமாக ஐந்தாவது சீட்டைக் கொண்டுவரும்போது, ‘இதை எடுத்துக்கொள்கிறோம், எதைக் கீழே இறக்கலாம்?’ என்று எவரும் கேட்கலாம். எண் சுவரில் இருப்பதால், அதைக் கேட்பவர் முதலாளியை எதிர்த்துப் பேசியவர் ஆகிவிட மாட்டார்.

தினசரிக் கூட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. எப்படிக் குறைப்பது?

யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். எல்லோர் கண்ணும் டீம் லீடின் முகத்தில் இருந்தால், அங்கே நடப்பது வருகைப் பதிவேடு. ஸ்க்ரம் வழிகாட்டியின்படி அந்தச் சந்திப்பு டெவலப்பர்களுக்குரியது, 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டியது. ‘நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பு எடுத்துவிட்டது. ஸ்பிரிண்டின் இலக்கை நோக்கி நகர்கிறோமா என்பதைப் பார்க்கக் குழு தனக்கு ஏற்ற முறையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆள் வரிசையில் பேசுவதை விட்டுவிட்டு, பலகையின் வலப் பக்கத்திலிருந்து சீட்டு வரிசையில் பேசிப் பாருங்கள். முடியும் தறுவாயில் நிற்கும் சீட்டுக்கு என்ன வேண்டும் என்பதே முதல் கேள்வியாகும். லீடை ஒரு வாரம் வேறு அறையில் இருக்கச் சொல்வதும் பலன் தரும். அவருக்கு அது சற்றே வருத்தமாக இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எதைக் கேட்டாலும் “முடிச்சிருதேன் சார்” என்கிறார்கள். கடைசி நாளில்தான் முடியவில்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?

எங்களுக்கு வரும் கேள்விகளில் இதுவே அதிகம். பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாததை நற்குணமாகக் கற்பித்து வளர்த்துவிட்டு, அலுவலகத்தில் சேர்ந்த மறுநாளே ‘மனதில் பட்டதைச் சொல்லுங்கள்’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருக்கக் கண்டார். அவர்கள் பிழைகளை மறைக்காமல் சொன்னதே அதற்குக் காரணம் என்று பின்னர் புரிந்தது. சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவினர் பொதுவாக நம்பும் நிலையை, 1999-இல் வெளியான கட்டுரையில் அவர் உளவியல் பாதுகாப்பு என்று வரையறுத்தார்.

அந்த நம்பிக்கையை அறிவுரையால் உண்டாக்க முடியாது, நடைமுறையால் முடியும். பிளானிங் போக்கர் என்ற சீட்டுமுறை அதற்கு நல்ல தொடக்கம். ஒரு வேலையின் கடினத்தைக் குறிக்கும் எண் எழுதிய சீட்டை ஒவ்வொருவரும் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை அது. “ரெண்டு நாள் போதும்லா?” என்று லீடு வழக்கமாகக் கேட்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்று சீட்டைத் திருப்பியபோது லீடும் மூத்தவர்களும் 3 வைத்திருந்தார்கள். சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண் 13 வைத்திருந்தார். காரணம் கேட்டபோது, பழைய கோப்புகளில் பாதியில் நாள் முதலிலும் மீதியில் மாதம் முதலிலும் எழுதப்பட்டிருப்பதாகவும், 12-ஆம் தேதி வரை உள்ளவற்றில் எது எது என்று பிரித்தறியவே முடியாது என்றும் விளக்கினார். அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். முதலில் லீடு வாய் திறந்திருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இதன் சாரம் பேசும் வரிசையில் இருக்கிறது. சீட்டு இல்லாத இடங்களிலும் வயதில் இளையவர் முதலிலும், சம்பளம் போடுபவர் கடைசியிலும் பேசட்டும். கெட்ட செய்தி சொன்னவருக்கு அந்த இடத்தில் கிடைக்கும் முதல் பதில் “ஏன் முன்னாடியே சொல்லல?” என்பதாக இருந்தால், அடுத்த முறை அந்தச் செய்தி இன்னும் தாமதமாகத்தான் வரும்.

நடந்து முடிந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டம் கடைசியில் சண்டையாகவோ புகழுரையாகவோ முடிகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். அன்றைக்குத் தெரிந்தது, கையில் இருந்த வசதி, சூழ்நிலை ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்று எடுத்துக்கொண்டே பேச வேண்டும் என்பது, இத்தகைய கூட்டங்களுக்கு நார்மன் கெர்த் வகுத்த அடிப்படை விதி. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பேசுவதற்கு முன் பத்து நிமிடம் அவரவர் தாளில் எழுதட்டும். கூட்டத்தின் முடிவில் மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் எடுத்து, பலகையில் ஒரு சீட்டாகவே ஏற்றுங்கள். ஏழெட்டுத் தீர்மானங்கள் எழுதும் குழுக்கள் எதையும் செய்வதில்லை.

வேலை பின்தங்கிவிட்டது. கிளையன்ட் இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பேசும் தொடர்புகள் 10. பத்துப் பேருக்குள் 45. கிளையன்டிடம் ஆள் கணக்கைப் பேசாமல், எந்த வசதியைப் பிறகு தரலாம் என்று பேசுங்கள்.

பாதிப் பேர் அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். கூட்டங்களில் அவர்கள் குரலே கேட்பதில்லை.

ஒருவர் தொலைவில் இருந்தாலும், அந்தக் கூட்டத்துக்கு எல்லோரும் தொலைவில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களும் அவரவர் லேப்டாப்பில், அவரவர் ஹெட்செட்டுடன் சேரட்டும். கரண்டு போனதால் ஒருவர் துண்டிக்கப்பட்டால் முடிவு எடுக்காமல் காத்திருங்கள், அல்லது முடிவை எழுதி அனுப்பி அவர் பதில் வரும்வரை திறந்து வையுங்கள்.

குழு சரியாக நடந்தால் போதாதா? வெளியே ஒரு தொழில்முறைச் சமூகம் எதற்கு?

கங்கைகொண்டானில் உள்ள எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் வேலை செய்பவர்கள் ஒரு பக்கம். 2011 முதல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் இயங்கிவரும் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம். மாடிவீட்டு அறையில் நான்கு கணினிகளுடன் நிறுவனம் நடத்துபவர்களும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் இன்னொரு பக்கம். இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்க இயல்பான இடம் இங்கே குறைவு. ஐந்து பேர் அலுவலகத்தில் டெஸ்டிங் பார்ப்பவர் ஒருவர்தான் இருப்பார். தன் வேலையைப் பற்றிக் கேட்டுத் தெளிய அவருக்கு அங்கே ஆள் இல்லை.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய ஆய்வில், ஒரு தொழிலை மனிதர்கள் கற்பது பாடத்தால் மட்டுமல்ல என்றும், அதைச் செய்பவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் முறைப்படி இடம்பெற்று மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதாலும் என்றும் காட்டினார்கள். ஆகவே பின்வரிசையில் மூன்று மாதமாகப் பேசாமல் உட்கார்ந்து போகிறவரும் உறுப்பினர்தான். அவரை எழுப்பி ‘உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று மைக்கைக் கையில் திணிக்க வேண்டாம்.

சந்திப்பை எங்கே, எந்த நேரத்தில் வைப்பது?

இந்த ஊரில் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஞாயிறு காலை என்றால் பாளையங்கோட்டையில் ஆராதனைக்குப் போகும் பெரும்பகுதியினர் வரமாட்டார்கள். சனிக்கிழமை சிறு நிறுவனங்களுக்கு வேலை நாள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால், தென்காசி, வள்ளியூர் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் பாதியில் எழுவார்கள். ஞாயிறு மதியம் இரண்டரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிப்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும்; வெயில் கடுமைதான், மின்விசிறி ஓடும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குள் மேலப்பாளையம் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். முகூர்த்த ஞாயிறுகளையும் ஆனித் தேரோட்டத்தையும் நாட்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு சமுதாயச் சங்கத்தின் மண்டபத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொடுப்பவர் நல்ல மனதோடுதான் கொடுப்பார். ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து யார் உள்ளே வரத் தயங்குவார் என்பது இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். தயங்கியவர் காரணத்தைச் சொல்லவும் மாட்டார். கட்சி அலுவலகம், வழிபாட்டுத் தலத்தோடு ஒட்டிய கூடம் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். கல்லூரி வகுப்பறை, நூலகக் கூடம், அலுவலகத்தின் உணவறை ஆகியவை மேல். கல்லூரி என்றால் வாசல் காவலரிடம் பெயர்ப் பட்டியலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை இல்லாமல் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் மறுபடி வருவது அரிது.

சாதியைப் பற்றி விதி எழுத வேண்டுமா? நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லையே.

எழுத வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்தப் பள்ளிகளிலிருந்தும் அவற்றைப் போன்ற பள்ளிகளிலிருந்தும் வந்தவர்களே நம் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘நாங்கள் பார்ப்பதில்லை’ என்று சொல்பவர், தாம் பார்க்கப்படும் நிலைக்கு ஆளாகாதவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

தேநீர் இடைவேளையில் “தம்பிக்கு எந்த ஊரு?” என்ற கேள்வி வரும். ஊர் சொன்னதும் “அங்க எந்தத் தெரு?” என்று தொடரும். அதற்கும் பதில் வந்தால் “அப்பா என்ன பண்ணுதாக?” என்று முடியும். கேட்பவருக்கு அது குசலம் விசாரிப்பது. கேட்கப்படுபவருக்கு மூன்றாவது கேள்வி வருவதற்குள் தேநீர் இறங்காது. எங்கள் விதி எளிது: ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், தெருவைக் கேட்கக் கூடாது. யாராவது கேட்டால், அருகில் நிற்கும் ஒருங்கிணைப்பாளர் பேச்சை வேலையின் பக்கம் திருப்பிவிட வேண்டும், பிறகு கேட்டவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். பெயர் அட்டையில் பெயர் மட்டும் இருக்கட்டும். ‘எங்க ஆளு’ என்று ஒருவரை வேலைக்குப் பரிந்துரைக்கும் பேச்சு சந்திப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வந்தால், அதை நீக்கிக் காரணத்தையும் எழுதுங்கள்.

பெண்கள் பதிவு செய்கிறார்கள், ஆனால் வருவதில்லை. ஏன்?

வீட்டில் என்ன கேட்பார்கள் என்று யோசித்து அறிவிப்பை எழுதுங்கள். எங்கே, யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றுக்கும் அறிவிப்பிலேயே பதில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முடிக்கவும் வேண்டும். ஒருங்கிணைப்பவர்களில் பெண்களும் இருந்து, அவர்களில் ஒருவர் அழைப்புக்குப் பதில் சொல்லட்டும். உடன் வரும் அம்மாவோ அண்ணனோ உள்ளே உட்காரலாம், குழந்தையைக் கொண்டுவரலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கழிவறையை முதல் நாள் நீங்களே போய்ப் பாருங்கள்: பூட்டாமல் இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, குப்பைக்கூடை உண்டா.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். சந்திப்பு முடிந்த இரவே ‘ஹாய்’ என்று செய்தி வந்ததால் விலகிய பெண்களை எங்களுக்குத் தெரியும். அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. அனுமதி கேட்காமல் படங்களைப் பொதுவில் போடாதீர்கள். குத்துவிளக்கு ஏற்றவும் நன்றியுரை சொல்லவும் மட்டும் பெண்களை அழைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் உரையை அவர்களில் ஒருவர் நிகழ்த்தட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளிகள் தோன்றிய ஊர் பாளையங்கோட்டை. அங்கே நடக்கும் தொழில்முறைச் சந்திப்பில் அவர்களுக்கு இடமில்லை என்றால் அது நமக்கு அழகல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அவற்றில் பல பார்த்தால் தெரியாதவை. எனவே பதிவுப் படிவத்தில் ‘உங்களுக்கு ஏதேனும் வசதி தேவையா?’ என்று ஒரு வரி சேருங்கள். தரைத்தளத்தில் அறை எடுங்கள். பேச்சாளர் திரையில் உள்ளதை ‘இங்கே பாருங்கள்’ என்று சுட்டாமல், வாயால் வாசித்துச் சொல்லட்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வருவதாக இருந்தால், உரையின் கலைச்சொற்களை அவருக்கு முன்பே அனுப்பி, அவர் மேல் வெளிச்சம் விழும் இடத்தில் நிற்க வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புரொஜெக்டர் போடும் பழக்கம் அங்கே உதவாது.

உரைகள் தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில். கலைச்சொற்கள் அலுவலகத்தில் எப்படி வழங்குகின்றனவோ அப்படியே இருக்கலாம். தமிழ்வழியில் படித்தவர் ஆங்கில உரையைப் புரிந்துகொள்வார், கேள்வி கேட்க மாட்டார். நமக்கு வேண்டியது அவருடைய கேள்வி. தமிழ் தெரியாத ஒருவர் வந்திருந்தால் அவருக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்து சொல்லலாம்.

பேச யாரும் முன்வருவதில்லையே?

பேச்சாளரே இல்லாமலும் சந்திப்பு நடத்தலாம். லீன் காஃபி என்ற முறை 2009-இல் சியாட்டிலில் தொடங்கியது. வந்தவர்கள் பேச விரும்புவதைச் சீட்டில் எழுதி, ஓட்டுப்போட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் சில நிமிடம் பேசுவார்கள். நேரம் முடிந்ததும் தொடரலாமா என்று கட்டைவிரலால் கேட்டுக்கொள்வார்கள். ஹாரிசன் ஓவன் 1985-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்பேஸ் முறை பெரிய கூட்டத்துக்கு ஏற்றது. அதில் ஓர் உரையாடலில் கற்கவோ கற்பிக்கவோ எதுவும் இல்லையென்றால் எழுந்து வேறொன்றுக்குப் போய்விடலாம். பாதியில் எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நம் ஊரில், இந்த விதியைத் தொடக்கத்திலேயே இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

நடத்தை விதியை மீறினால் என்ன செய்வது?

விதியை விட, புகாரை வாங்கும் ஆளும் வழியும் முக்கியம். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இருவரின் பெயரையும் எண்ணையும் நுழைவாயிலில் ஒட்டுங்கள். புகார் வந்தால் அன்றைக்கே இருவரும் கேட்டு, எழுதி வைத்து, தேவைப்பட்டால் மீறியவரை வெளியேறச் சொல்ல வேண்டும். அவர் ஸ்பான்சராக இருந்தாலும் சரி, ஒருங்கிணைப்பாளரின் நண்பராக இருந்தாலும் சரி. பணியிடத்தில் நடந்த பாலியல் தொல்லை என்றால் அது உங்கள் பஞ்சாயத்துக்கு உரியதல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்கும் சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகார் தருபவருக்கு அந்த வழியைச் சொல்லி உடன் நில்லுங்கள்.

செலவுக்கு ஸ்பான்சர் பிடிக்கலாமா?

கருப்பட்டிக் காப்பிக்கும் வடைக்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. வாங்கினால், பதிலுக்கு வந்தவர்களின் எண் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

ஒருங்கிணைப்பவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுபவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. எந்தப் பொறுப்பும் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், இடம் தருபவரின் தொடர்பு, வரவு செலவு, ஒயர் நீட்டிப்புப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூன்று பேர் வைத்திருக்கட்டும். ஒருங்கிணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். போகிறவர் ஊரில் இருக்கும்போதே, அவர் பார்வையாளராக மட்டும் உட்கார, மற்றவர்கள் ஒரு சந்திப்பை நடத்திப் பார்த்துவிட வேண்டும். தாளில் எது விடுபட்டிருக்கிறது என்பது அன்று தெரிந்துவிடும்.